சிற்றூர் டெக்ஸ்-மெக்ஸ் கடையில் சைவம்: கிரகணப் பயணத்துக்கு முன் ஒரு கேள்வி

வாசகர் கேள்வி, 2024 மார்ச் 11

ஏப்ரல் 8 முழு சூரிய கிரகணம் பார்க்க ஹூஸ்டனிலிருந்து கெர்வில் பக்கம் காரில் போகிறோம். ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார். சுத்த சைவம், முட்டையும் கிடையாது. பெரிய ஊர்களைத் தாண்டிவிட்டால் வழியில் பர்கர் கடை, இல்லையென்றால் டெக்ஸ்-மெக்ஸ், அதாவது டெக்சாஸ் பாணி மெக்சிகன் சாப்பாட்டுக் கடை. பர்கர் கடையில் உருளைக்கிழங்கு வறுவல் தவிர அம்மாவுக்கு ஒன்றும் இல்லை. டெக்ஸ்-மெக்ஸில் அரிசி, பீன்ஸ், ரொட்டி, சீஸ் எல்லாம் இருக்கிறதே, கவலைப்படாதே என்கிறார் நண்பர். நம்பிப் போகலாமா?

இன்னொன்று. எனக்கு இந்தக் கடைகள் எல்லாம் ஒன்றாகத்தான் தெரிகின்றன. எதைக் கேட்டாலும் மஞ்சள் சீஸை ஊற்றி ஒரே தட்டைத்தான் தருகிறார்கள். இது மெக்சிகன் சாப்பாடே இல்லை என்று அலுவலகத்தில் இருக்கும் மெக்சிகோக்காரரே சொல்கிறார்.

மார்ச் 11, இரவு 10.40, என் பதில்

நண்பர் பேச்சைக் கேட்டால் அம்மா பட்டினி. அரிசி, பீன்ஸ், ரொட்டி, இந்த மூன்றில்தான் வில்லங்கமே.

மசித்த பீன்ஸைப் பழைய முறையில் பன்றிக் கொழுப்பில் வதக்குவார்கள். பல கடைகள் எண்ணெய்க்கு மாறிவிட்டன. ஆனால் சிற்றூரில் பேர் வாங்கிய கடை என்றால் பாட்டி கைப்பக்குவத்தை விடாத கடை, அங்கே கொழுப்பு இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். மசிக்காத சார்ரோ பீன்ஸில் பேக்கன் துண்டே மிதக்கும். ஆரஞ்சு நிறச் சோற்றுக்கு நிறம் தக்காளி கொடுத்தது, ருசி பெரும்பாலும் கோழிச் சாறு கொடுத்தது. மைதா டோர்ட்டியாவில், அதாவது அவர்கள் ரொட்டியில், கொழுப்போ வனஸ்பதியோ சேரும். பட்டியலில் சீஸ் என்சிலாடா என்று போட்டிருப்பார்கள், பெரும்பாலும் டோர்ட்டியாவைச் சுருட்டி மேலே சாஸ் ஊற்றியது. உள்ளே சீஸ்தான். மேலே ஊற்றுவது பல கடைகளில் மாட்டிறைச்சி போட்ட சில்லி கிரேவி.

நான் சான் அன்டோனியோவில் இருக்கிறேன். சின்ன ஊர்களின் குடிநீர் நிலையங்களில் அளவுக் கருவிகளைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் வேலை. மதியச் சாப்பாடு பெரும்பாலும் இந்தக் கடைகளில்தான். நான் கோழி, மீன் சாப்பிடுவேன், மாடு தொடமாட்டேன். மனைவி சைவம். ஆகவே "இதில் என்ன போட்டிருக்கிறது" என்று கேட்டுக் கேட்டே காலம் போகிறது.

மார்ச் 12, காலை

கேட்கும் விதம்தான் முக்கியம். "இது வெஜிடேரியனா?" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும். சர்வர் பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் கொழுப்பும் சாறும் இறைச்சியில் சேராது. அதனால் உடைத்துக் கேளுங்கள்: பீன்ஸில் மான்டேகா (பன்றிக் கொழுப்பு) உண்டா, சோறு கோழிச் சாற்றில் வெந்ததா, சாஸில் இறைச்சி இருக்கிறதா. ஒவ்வொன்றாக. "கொஞ்சம் இருங்கள், சமையலறையில் கேட்டு வருகிறேன்" என்று அவர் உள்ளே போனால் நல்ல கடை. கண்ணை இமைக்காமல் "எல்லாம் ஓகே" என்றால் அந்தப் பதிலை நம்ப வேண்டாம்.

மார்ச் 12, மதியம்

கேட்க விட்டதைச் சொல்கிறேன், அதாவது அம்மா எதைச் சாப்பிடலாம்.

சோள டோர்ட்டியா. சுண்ணாம்பு நீரில் வெந்த சோளத்தை அரைத்த மாவு, தண்ணீர், உப்பு, பெரும்பாலும் அவ்வளவுதான். கல்லில் சூடாக்கித் தரச் சொல்லுங்கள், எண்ணெயில் முக்கியது வேண்டாம். கூடவே குவாக்கமோலி (மசித்த அவகாடோ), பிக்கோ டே கையோ என்கிற வேகவைக்காத தக்காளி-வெங்காயக் கலவை, எலுமிச்சை. சோள டோர்ட்டியாவில் சீஸ் கேசடியா, உள்ளே சீஸ் வைத்து மடித்துச் சுட்டது. ஃபஹீட்டா என்ற சுட்ட இறைச்சித் தட்டுக்கு வதக்கும் வெங்காயமும் குடமிளகாயும் மட்டும் தனியாகக் கேட்கலாம், ஆனால் அதே இரும்புத் தட்டில்தான் இறைச்சியும் சுடுவார்கள், அம்மாவுக்கு அது ஆகுமா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

சிலே ரெயேனோவை, அதாவது உள்ளே அடைத்துப் பொரித்த மிளகாயை, சைவம் என்று கேட்டுவிடாதீர்கள். டெக்சாஸில் அதற்குள் கொத்துக்கறி வைக்கும் கடைகள் நிறைய. சீஸ் வைத்ததாக இருந்தாலும் வெளியே முட்டைக் கரைசல்.

சீஸில் கன்றுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்க்கிறார்களே என்று யாராவது கிளப்புவதற்குள் சொல்லிவிடுகிறேன்: அதைத் தோண்டினால் நெடுஞ்சாலையில் சாப்பிட ஒன்றும் மிஞ்சாது.

மார்ச் 14

இரண்டாவது கேள்வி. "எல்லாக் கடையும் ஒன்று, மெக்சிகனே இல்லை."

மெக்சிகோக்காரர் சொல்வது சரி. ஆனால் அதைக் குறையாகச் சொல்கிறாரே, அங்கேதான் எனக்கு ஒத்துவரவில்லை. இது டெக்சாஸ் சாப்பாடு. இந்த நிலம் 1836 வரை மெக்சிகோ, அதற்கு முன் ஸ்பெயின். எல்லை நகர்ந்தது, குடும்பங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. அவர்கள் அடுப்பில் பழைய பழக்கமும் கடையில் கிடைத்த புதுச் சரக்கும் சேர்ந்து வெந்ததுதான் இது. 1880களில் சான் அன்டோனியோவின் மிலிட்டரி பிளாசாவில் இருட்டியதும் பெண்கள் விளக்கை ஏற்றி, நீள மேசை போட்டு, சில்லி கான் கார்னே என்ற மிளகாய் போட்ட இறைச்சிக் குழம்பை விற்றார்கள். சில்லி குவீன்ஸ் என்று நாடு முழுக்கப் பேர். 1930களின் கடைசியில் சுகாதார விதிகளைக் காட்டி அந்த வியாபாரத்தை நகராட்சி முடக்கியது.

சில்லித் தூளை டப்பாவில் அடைத்து விற்றது ஒரு ஜெர்மானியக் குடியேறி. நியூ பிரான்ஃபெல்ஸ் ஊரில் 1890களில் வில்லியம் கெப்ஹார்ட் தொடங்கிய வியாபாரம். அந்தத் தூளோடு சீரகம், கொழுப்பில் வறுத்த மைதா, சாறு சேர்த்துக் கொதிக்கவிட்டால் சில்லி கிரேவி. மெக்சிகோவில் என்சிலாடாவுக்கு ஊற வைத்த காய்ந்த மிளகாயை அரைத்து ஊற்றுவார்கள், மைதா கிரேவியைப் பார்த்தால் முகம் சுளிப்பார்கள். டெக்சாஸில் வளர்ந்தவனுக்கு அந்த மைதா வாசனைதான் வீடு.

மஞ்சள் சீஸும் அப்படித்தான். மெக்சிகோவின் வெள்ளைச் சீஸ் கிடைக்காத ஊரில் மளிகைக் கடையில் மலிவாகக் கிடைத்தது பதப்படுத்திய அமெரிக்கச் சீஸ். உருக்கினால் திரியாமல் வழவழவென்று நிற்கும். 1943இல் எல்சா என்ற சிற்றூரில் கார்ல் ரோட்டல் என்பவர் தக்காளியும் பச்சை மிளகாயும் சேர்த்து டின்னில் அடைக்கத் தொடங்கினார். அந்த டின்னும் அந்தச் சீஸும் ஒரு பாத்திரத்தில் சேர்ந்தால் டெக்சாஸ் வீடுகளின் கேசோ என்ற சீஸ் சாஸ் தயார்.

எண் போட்ட கூட்டுத் தட்டும் இங்கே பிறந்ததாகத்தான் சொல்கிறார்கள். 1900இல் சான் அன்டோனியோவில் ஓடிஸ் ஃபார்ன்ஸ்வொர்த் திறந்த ஒரிஜினல் மெக்சிகன் ரெஸ்டாரண்டைக் காட்டுவார்கள். ஸ்பானிஷ் தெரியாத வாடிக்கையாளர் "நம்பர் ஒன்" என்றால் போதும். நம் மினி டிபன் மாதிரி, ஒவ்வொன்றிலும் ஒரு வாய். மினி டிபனை வைத்து ஓர் ஓட்டலின் தோசையை எடை போடுவீர்களா? கூட்டுத் தட்டைக் கேட்டுவிட்டு எல்லாக் கடையும் ஒன்று என்றால் எப்படி?

மார்ச் 14, இரவு

நாச்சோவும் டெக்சாஸ் கண்டுபிடிப்புதானே என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை, எல்லை ஆற்றுக்கு அந்தப் பக்கம், மெக்சிகோவில். ஈகிள் பாஸ் ஊருக்கு எதிரே உள்ள பியெத்ராஸ் நேக்ராஸில், 1940களின் தொடக்கத்தில், இக்னாசியோ அனாயா செய்தது. பக்கத்து முகாமின் அமெரிக்கப் படைவீரர்களின் மனைவிமார் சாப்பிட வந்தபோது சமையல்காரர் இல்லை, இவர் சமையலறைக்குள் போய்க் கையில் கிடைத்த சோள வறுவல், சீஸ், ஹலபேனோ மிளகாயை வைத்துச் சூடாக்கிக் கொடுத்தார் என்பது கதை. உங்கள் கிரகணப் பாதை டெக்சாஸுக்குள் நுழைவதே ஈகிள் பாஸ் வழியாகத்தான்.

மார்கரீட்டா என்ற மதுக் கலவையை உறையவைத்துத் தரும் இயந்திரம் முழுக்க டெக்சாஸ். 1971, டாலஸ், மரியானோ மார்டினெஸ், சாஃப்டி ஐஸ்கிரீம் இயந்திரத்தை மாற்றிச் செய்தது. அசல் இயந்திரம் இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அம்மாவுக்கு இந்தத் தகவல் வேண்டாம்.

மார்ச் 16

நேற்று வெள்ளிக்கிழமை, தெற்கே ஓர் ஊரில் வேலை. கடை வாசலில் கையால் எழுதிய பலகை: தவக்கால ஸ்பெஷல், சீஸ் என்சிலாடா. உடனே உங்கள் கேள்வி நினைவுக்கு வந்தது. கத்தோலிக்கர் அதிகமுள்ள ஊர்களில் தவக்கால வெள்ளிகளில் இறைச்சி இல்லாத தட்டு தனியாகப் போடுவார்கள், அன்றைக்குக் கிரேவியும் இறைச்சி இல்லாமல் வரும். சைவக்காரருக்கு வருடத்தில் நல்ல காலம் இதுதான் என்று நினைத்து, இருந்தாலும் கேட்டுவைப்போம் என்று கேட்டேன். பீன்ஸில்?

"மான்டேகா, வேறென்ன."

வெள்ளிக்கிழமை ஆயிற்றே என்றேன். கல்லாவில் இருந்த அம்மையார் என்னைப் பார்த்த பார்வையில், போப் ஆண்டவரைவிட நீ பெரிய பக்தனா என்ற கேள்வி இருந்தது. அவர் பக்கம் நியாயமும் இருக்கிறது. 1966இல் போப் ஆறாம் பவுல் வகுத்த விதிப்படி விலக்கு இறைச்சிக்கு மட்டும்தான், விலங்குக் கொழுப்பில் செய்த தாளிப்புக்குத் தடையில்லை.

உங்களுக்கு எப்படியும் பயனில்லை. தவக்காலம் ஈஸ்டரோடு முடிந்துவிடும், ஈஸ்டர் மார்ச் 31, நீங்கள் போவது அதற்குப் பிறகு.

மார்ச் 19

நல்ல கடையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று மூன்று பேர் தனியாகக் கேட்டுவிட்டீர்கள். இணைய நட்சத்திரங்களைப் பார்ப்பதை நான் விட்டுவிட்டேன். சிற்றூர்க் கடைக்கு ஒற்றை நட்சத்திரம் கொடுத்தவரின் குறை பெரும்பாலும் "கார்டு வாங்கவில்லை" அல்லது "சாப்பாடு வர நேரமானது". அது எனக்குக் குறையே இல்லை.

நான் கேட்பது தண்ணீர் நிலையத்தில் வேலை பார்ப்பவர்களை. அந்த ஊரிலேயே பிறந்தவர்கள், பன்னிரண்டு மணிக்குப் பசிப்பவர்கள். ஒருமுறை அப்படி ஒருவர் காட்டிய கடை பழைய பெட்ரோல் பங்க் கட்டடம். பெயர்ப் பலகையில் பாதி எழுத்து இல்லை. உள்ளே நுழைந்ததும் இடது கைப் பக்கம் ஒரு மேடை, அதற்குப் பின்னால் அறுபது தாண்டிய ஒரு பெண்மணி. ஈரத்துணிக்கு அடியில் எலுமிச்சை அளவு உருண்டைகள். ஒன்றை எடுத்து, கைப்பிடி இல்லாத குட்டைக் கட்டையால் முன்னும் பின்னும் ஒரு தள்ளு, கால் வட்டம் திருப்பு, இன்னொரு தள்ளு. ஓரம் ஒழுங்காக இல்லை, அதைப் பற்றி அவர் கவலைப்படவும் இல்லை. கல்லில் போட்டதும் கொப்புளம் எழும்ப, மடித்த துணியால் ஓரத்தை ஒரு அழுத்து. வெறும் விரலால் திருப்பிப் போட்டார். அடுக்கி மூடிய துணிக்கு மேலே ஆவி. எங்கள் மேசைக்கு வந்த டோர்ட்டியாவைப் பிய்த்தால் ஏடு ஏடாகப் பிரிந்தது, பழுப்புப் பொட்டுகளில் மாவு கருகிய மணம். வெண்ணெய் தடவி வெறுமனே சாப்பிட்டுவிட்டு, சொன்ன தட்டு வந்தபோது பசி போய்விட்டது.

டோர்ட்டியா கடையிலேயே போடுகிறார்களா? இதுதான் என் முதல் கேள்வி. அடுத்தது சால்சா, நம் தக்காளி-மிளகாய்ச் சட்னி மாதிரி. உட்கார்ந்ததும் காசில்லாமல் வரும் சிப்ஸும் சால்சாவும் கடையின் ஜாதகம். சால்சா சற்றே வெதுவெதுப்பாக, கருகிய தோல் துணுக்குகளோடு வந்தால் காலையில் சுட்டு அரைத்தது. கெட்டியாக, சில்லென்று, இனிப்பாக வந்தால் டப்பா. சிப்ஸ் விரலில் எண்ணெய் ஒட்டாமல் சூடாக இருக்க வேண்டும். இந்த இரண்டும் தேறிவிட்டால் மற்றதில் நான் கண்ணை மூடிக்கொள்வேன்.

மார்ச் 19, பின்னிணைப்பு

"நம் நாக்குக்குக் காரமே இல்லை" என்ற வழக்கமான புலம்பலும் வந்துவிட்டது. சிலேஸ் டொரேயாடோஸ் என்று கேளுங்கள். ஹலபேனோவையோ செரானோவையோ கல்லில் தோல் வெடிக்கப் புரட்டி, உப்பும் எலுமிச்சையும் பிழிந்து தருவார்கள். பட்டியலில் பெரும்பாலும் இருக்காது. கேட்டதும் சர்வர் முகத்தில் ஒரு மரியாதை வரும் பாருங்கள். சில சமையலறையில் சோயா சாஸ் சேர்ப்பார்கள், வேண்டாமென்றால் முன்னாடியே சொல்லிவிடுங்கள்.

மார்ச் 21

"எல்லாம் ஒன்று" என்றவருக்கு இன்னும் கொஞ்சம்.

சான் அன்டோனியோ சுற்றுவட்டாரத்தில் என்சிலாடா சுருட்டி வரும், மேலே சில்லி கிரேவி. ஐ-10 நெடுஞ்சாலையில் மேற்கே எல் பாசோ வரை போனால் சுருட்டாமல் டோர்ட்டியாவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சிவப்பு மிளகாய்ச் சாறு ஊற்றி, உச்சியில் ஒரு பொரித்த முட்டையை வைப்பார்கள். அது நியூ மெக்சிகோ வாடை. தெற்கே ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் கார்னே கிசாடா என்ற மாட்டுக்கறிக் குழம்பு, ஞாயிறு காலையில் பார்பகோவா, மாட்டுத்தலையை மெதுவாக வேகவைத்தது. நான் தொடுவதில்லை, வாசலில் நிற்கும் வரிசையைத்தான் பார்த்திருக்கிறேன். டாக்கோ என்றால் டோர்ட்டியாவை மடித்து உள்ளே கறியோ காயோ வைப்பது; சான் அன்டோனியோவில் பஃபி டாக்கோ, மாவைப் பச்சையாகவே எண்ணெயில் விட்டு உப்பவைப்பது. சூடு ஆறினால் அதில் ஒன்றும் இல்லை, அதனால் பொட்டலம் கட்டி வாங்கிவருவது வீண்.

காலை டாக்கோ யாருடையது என்ற சண்டையை இங்கே தொடங்க வேண்டாம். 2016இல் ஆஸ்டின்தான் அதன் பிறப்பிடம் என்று ஒரு கட்டுரை வந்து, சான் அன்டோனியோக்காரர்கள் கொதித்து, எழுதியவரை மாநிலத்தை விட்டே துரத்தச் சொல்லி மனு போட்டு, கடைசியில் இரண்டு ஊர் மேயர்களும் உட்கார்ந்து சமாதான உடன்படிக்கை செய்துகொண்டார்கள். நான் சான் அன்டோனியோ. என் தீர்ப்பு உங்களுக்கே தெரியும்.

மார்ச் 24

டிப்ஸ். யாரோ ஒருவர் "சிற்றூரில் பில்லே பன்னிரண்டு டாலர், ஒரு டாலர் வைத்தால் போதாதா" என்று கேட்டிருக்கிறார். போதாது. டெக்சாஸில் டிப்ஸ் வாங்கும் சர்வருக்கு முதலாளி தர வேண்டிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர். மத்திய அரசு 1991இல் வைத்த தொகை, இன்னும் அசையவில்லை. டிப்ஸ் சேர்ந்தும் 7.25 டாலர் வராவிட்டால் மீதியை முதலாளி கொடுக்க வேண்டும் என்பது சட்டம். மூன்று கிண்ணம் சால்சா, நான்கு முறை ஐஸ் டீ, அம்மாவுக்காகச் சமையலறைக்கு நடந்த நடை, எதற்கும் பில்லில் காசு கிடையாது. இருபது சதவீதம் வையுங்கள். சின்ன பில் என்றால் அதற்கும் மேலே. கடையில் கார்டு வாங்கினாலும் டிப்ஸை ரொக்கமாக வைப்பது என் வழக்கம்.

பில்லில் 8.25 சதவீதம் வரி வந்திருப்பதைப் பார்த்து அதுதான் டிப்ஸ் என்று நினைத்த உறவினர் ஒருவர் எங்கள் வீட்டில் உண்டு. பெயர் வேண்டாம்.

மார்ச் 25

கொஞ்சம் விலகிப் போகிறேன்.

பல ஊர்களில் டெக்ஸ்-மெக்ஸ் கடை ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நிலம் மலிவு என்று முதலில் நினைத்துக்கொண்டேன். பிறகு தண்ணீர் நிலையத்து மெக்சிகன் வம்சாவளிப் பெரியவர் ஒருவர்தான் சொன்னார்: அந்தப் பக்கம்தான் எங்களை வீடு கட்ட விட்டார்கள். பள்ளி தனி, இடுகாடு தனி, மெயின் ரோட்டு உணவகங்களில் சிலவற்றில் உள்ளே விடமாட்டார்கள். த்ரீ ரிவர்ஸ் ஊர்க்காரர் பெலிக்ஸ் லொங்கோரியா இரண்டாம் உலகப் போரில் பிலிப்பைன்ஸில் இறந்த மெக்சிகன் வம்சாவளிப் படைவீரர். 1949இல் உடல் ஊர் திரும்பும் சமயத்தில், அஞ்சலிக்குத் தங்கள் கூடத்தைத் தர ஊரின் ஈமச்சடங்கு நிலையம் மறுத்தது. மெக்சிகன்-அமெரிக்கர் உரிமைக்காகப் போராடிய டாக்டர் ஹெக்டர் கார்சியா கொதித்தெழ, அப்போது செனட்டராக இருந்த லிண்டன் ஜான்சன் ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அடக்கத்துக்கு ஏற்பாடு செய்தார்.

ஹூஸ்டனில் உணவகம் நடத்திய பெலிக்ஸ் திஹெரீனா கதை வேறு மாதிரி. வெள்ளைக்காரர்களுக்குப் பிடிக்கும்படி மசாலாவை அடக்கிய தட்டுகள்தான் அவர் கடையில். இந்த இழையில் திட்டு வாங்கும் அதே மஞ்சள் சீஸ் வகை. அதில் கிடைத்த செல்வாக்கைக்கொண்டு, ஸ்பானிஷ் மட்டுமே பேசும் குழந்தைகளுக்கு முதல் வகுப்புக்கு முன்பே 400 ஆங்கிலச் சொற்கள் கற்றுத்தரும் பள்ளியை 1957இல் கனாடோ என்ற சிற்றூரில் தொடங்கினார். நீங்கள் ஹூஸ்டனிலிருந்து விக்டோரியா போனால் அந்த ஊரைத் தாண்டித்தான் போவீர்கள்.

நின்ஃபா லாரென்சோ பற்றியும் எழுதலாம். கணவர் இறந்த பிறகு, ஹூஸ்டன் நேவிகேஷன் தெருவில் குடும்பத்தின் டோர்ட்டியா ஆலையின் முன்பக்கம் பத்து மேசை போட்டு 1973இல் கடை திறந்தவர். ஃபஹீட்டா நகரவாசிகள் வாயில் புகுந்ததில் அவருக்குப் பெரிய பங்கு. இழை நீள்கிறது, இதோடு விடுகிறேன்.

மார்ச் 30

ஏப்ரல் 8க்கு வருவோம். இரண்டு சிக்கல். ஒன்று, அன்று திங்கள், பல சிற்றூர்க் கடைகளுக்குத் திங்கள் விடுமுறை. கிரகணக் கூட்டத்துக்காகத் திறப்பார்கள்தான், இருந்தாலும் போன் போட்டுக் கேளுங்கள், இணையத்தில் போட்டிருக்கும் நேரம் எந்த யுகத்தில் போட்டதோ. இரண்டு, கெர்வில் பக்கம் கிரகணம் பகல் பன்னிரண்டேகாலை ஒட்டித் தொடங்கும், முழு மறைப்பு ஒன்றரையை ஒட்டி, எல்லாம் விலக மூன்று மணி நெருங்கிவிடும். அம்மா கிரகண வேளையில் சாப்பிடமாட்டார் என்று பின்னூட்டத்தில் சொல்லியிருக்கிறீர்கள். இந்தக் கடைகளில் பல இரண்டு மணிக்குச் சாத்தி ஐந்து மணிக்குத்தான் திறக்கும். ஆக, பதினொரு மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும், இல்லையென்றால் ஐந்து.

முந்தைய நாள் ஞாயிறும் ஜாக்கிரதை. சர்ச் விட்டதும் ஊரே கடைக்கு வரும். பாப்டிஸ்டுகள் வருவதற்குள் மெதடிஸ்டுகள் இடம் பிடித்துவிடுவார்கள் என்பது டெக்சாஸ் நகைச்சுவை. பதினொன்றரைக்கு முன் உட்கார்ந்துவிடுங்கள்.

ஏப்ரல் 9

நேற்று நானும் விடுப்புப் போட்டுக் கெர்வில்லுக்கு வடக்கே ஓர் ஊரில் இருந்தேன். வழக்கமாகப் போகும் கடைதான். பட்டியலை ஒரே தாளாகச் சுருக்கிவிட்டார்கள்: டாக்கோ, என்சிலாடா, பீன்ஸ், சோறு, அவ்வளவுதான். காகிதத் தட்டு. புத்திசாலித்தனம்.

மேகம் படுத்தியது. ஒன்றரை நெருங்கும்போது சமையல்காரர், பாத்திரம் கழுவும் பையன், கல்லா அம்மையார் என்று எல்லாரும் ஏப்ரனோடு பார்க்கிங்குக்கு வந்து அட்டைக் கண்ணாடியோடு நின்றார்கள். உள்ளே எக்ஸாஸ்ட் விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இருட்டியதும் தெருவிளக்கு தானாக எரிந்தது, நாய்கள் குரைத்தன. மேக இடுக்கில் கொஞ்ச நேரம் அந்த வெள்ளை வளையம் தெரிந்தது. யாரோ கை தட்டினார்கள். வெளிச்சம் திரும்பியதும் கல்லா அம்மையார் முதல் ஆளாக உள்ளே ஓடினார், என்ன என்று பார்த்தால் அடுப்பில் பீன்ஸை விட்டுவிட்டு வந்திருக்கிறார். அடிப்பிடித்த பீன்ஸைத்தான் எல்லாரும் சாப்பிட்டோம். புகை வாசனையோடு நன்றாகவே இருந்தது, நம்பினால் நம்புங்கள்.

பிறகு ஊரை விட்டு வெளியே வர ஆன நேரத்தைப் பற்றிப் பேச விரும்பவில்லை.

ஏப்ரல் 13

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பதைப் பார்த்தீர்களா? சாப்பாட்டு நேரத்தைக் கணக்குப் போட்ட நான் ஒன்றை யோசிக்கவில்லை: கிரகணம் விட்டதும் அம்மா தலைக்குக் குளிக்க வேண்டும். மோட்டல் வாசலில் போக்குவரத்து நெரிசல், அறைக்குள் போய்க் குளித்து முடித்தபோது ஐந்து. அதுவும் நல்லதுக்குத்தான். கடையைத் திறந்ததும் முதல் மேசை இவர்கள். சர்வர் பையன் மூன்று கேள்விக்கும் உள்ளே போய்ப் பதில் கொண்டு வந்தானாம். பீன்ஸில் கொழுப்பு, சோற்றில் கோழிச் சாறு, கிரேவியில் மாடு. மூன்றும் அவுட். சுட்ட சோள டோர்ட்டியா, குவாக்கமோலி, டொரேயாடோஸ். கைப்பையிலிருந்து மாவடு டப்பா. பையன் என்ன அது என்று கேட்டு, அம்மா ஒன்றை எடுத்து அவன் கையில் வைத்துவிட்டாராம். கடித்துவிட்டு உள்ளே போய்ச் சமையல்காரரைக் கூட்டி வந்திருக்கிறான்.

சிப்ஸை அம்மா தொடவில்லை என்று எழுதியிருக்கிறார். சரியான முடிவு. இதை நான் மார்ச்சில் விரிவாக எழுதியிருக்கலாம்: ஒரே எண்ணெய்ச் சட்டியில்தான் சிப்ஸும் கோழியும் பொரியும், சின்னக் கடையில் இரண்டாவது சட்டிக்கு இடமே இருக்காது.

கல்லா பக்கத்தில் விற்கும் பெக்கான் பிரலைனை வாங்காமல் வந்துவிட்டார்களாம். சர்க்கரை, பால், வெண்ணெய், பெக்கான் கொட்டை. அம்மா தாராளமாகச் சாப்பிட்டிருக்கலாம்.

மே 2

இழை அடங்கிவிட்டது என்று நினைத்தேன், டோர்ட்டியாவை வீட்டுக்கு வாங்கிவந்தால் எத்தனை நாள் தாங்கும் என்று ஒரு கேள்வி. கையால் போட்ட மைதா டோர்ட்டியா டஜன் கணக்கில் விற்பார்கள், காலையில் போனால் சூடாகவே கிடைக்கும். பிளாஸ்டிக் பையில் சூட்டோடு கட்டாதீர்கள், வேர்த்து ஒட்டிக்கொள்ளும். துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, ஆறியதும் இடையிடையே காகிதம் வைத்து ஃப்ரீசரில் போட்டால் ஒரு மாதத்துக்குக் குறையாது. எடுத்ததும் நேராகக் காய்ந்த தோசைக்கல்லில், எண்ணெய் இல்லாமல், ஒரு பக்கத்துக்கு அரை நிமிடம். மைக்ரோவேவில் வைத்தால் முதல் கடி பஞ்சு, நாலாவது கடி செருப்பு.